அரை நிமிட ஆட்டம்

தொண்ணூறுகளின் தமிழ்நாட்டைப் பற்றி எழுதப்படும் நினைவுக் கட்டுரைகளில் மல்யுத்தத்துக்கு ஒரு பத்தி நிச்சயம் இருக்கும். டிரம்ப் கார்டு, அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்ற வதந்தி, ராக் ஒற்றைப் புருவத்தை உயர்த்துவது, தம்பியைக் கட்டிலில் தூக்கிப் போட்டு அம்மாவிடம் அடி வாங்கியது. எழுதுபவர் எப்போதும் ஆண். அவர் நினைவில் அக்கா, தங்கை யாரும் அந்த டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பதில்லை. அவர்கள் அடுப்படியிலோ, மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டோ இருந்திருப்பார்கள் போலும்.

வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு டி.வி. அது கூடத்தில் இருந்தது. கூடத்தில் நாங்களும் இருந்தோம்.

நான் திண்டுக்கல் நாகல்நகரில் வளர்ந்தவள். கேபிள் இணைப்பு வந்த பிறகு எங்கள் தெருவில் பெண்கள் பார்த்த நிகழ்ச்சிகளின் பட்டியலை யாராவது எடுத்திருந்தால் அதில் மல்யுத்தம் இருந்திருக்கும். அப்பத்தா அதை ‘மல்லுக்கட்டு’ என்பார். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது; கதை முழுக்கத் தெரியும். யார் யாருக்குத் துரோகம் செய்தான், யார் நாற்காலியால் முதுகில் அடித்தான் என்று மறுநாள் பூக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். கிட்டத்தட்ட இருபத்தைந்து வருடம் நான் விடாமல் பார்த்தேன். இப்போது பார்ப்பதில்லை. வயதாகிவிட்டது, வேலை அதிகம் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு பெண்ணின் ரசனை எதனால் தேய்கிறது என்பதற்கும் வரலாறு உண்டு. இந்தக் கட்டுரை அதைத்தான் பார்க்கிறது.

‘பொய்ச் சண்டை’ என்ற குற்றச்சாட்டு

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். “அதெல்லாம் பொய்ச் சண்டை, அது தெரிந்ததும் விட்டுவிட்டேன்” என்று பலர் சொல்வார்கள். எங்களுக்கு அது ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். முருகன் வள்ளியைக் கட்டிக்கொள்வார் என்பது மைதானத்தில் தூங்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் தினைப்புனத்தில் நின்று வள்ளி தர்க்கம் செய்வதைக் கேட்க ஜமுக்காளத்தோடு வந்து உட்கார்வார்கள். நாரதராக வருபவரை ஒரு வள்ளி எப்படி மடக்கினாள் என்பதைப் பல வருடம் பேசுவார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தில் ஒருவர் எப்படி ஆடுகிறார் என்று பார்ப்பது எங்களுக்குப் பழகிய ரசனை. தொலைக்காட்சி மல்யுத்தத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தோம்.

அந்தக் கண்ணோடு பார்த்ததால்தான் ஒரு குறை முன்பே தெரிந்துவிட்டது. எங்கள் நாடகத்தில் வள்ளிக்கு மணிக்கணக்கில் பேச இடம் உண்டு. இந்த ஆட்டத்தில் பெண்ணுக்கு எவ்வளவு இடம்?

வளையத்துக்கு முன்பு ஒருத்தி

பெண்கள் மல்யுத்தம் இந்தியாவுக்கு அமெரிக்கா கற்றுக்கொடுத்ததல்ல. கிங் காங், தாரா சிங் பெயர்கள் ஊர் ஊராகப் பேசப்பட்ட 1950களில், உத்தரப் பிரதேசத்திலிருந்து ஹமீதா பானு என்றொரு பெண் ஆண் பயில்வான்களோடு மோதிக்கொண்டிருந்தார். ‘என்னைத் தோற்கடிப்பவரைக் கல்யாணம் செய்துகொள்கிறேன்’ என்று 1954இல் அறிவித்தார். அதே ஆண்டு மே மாதம் வதோதராவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 நொடியில் வீழ்த்தினார். அவரது ஆட்டங்கள் முன்கூட்டியே பேசிவைத்தவை என்று அப்போதே குற்றம்சாட்டினார்கள். சில ஊர்களில் கூட்டம் கல்லெறிந்தது. ஆண்களின் ஆட்டத்தில் வேடிக்கையாகப் பொறுத்துக்கொள்ளப்பட்ட சந்தேகம், ஒரு பெண் ஜெயித்தவுடன் கல்லாக மாறியது. அவர் ஐரோப்பா செல்வதைத் தடுக்க, அவரோடு வாழ்ந்த பயிற்சியாளரே அடித்துக் கையை உடைத்தார் என்று அவர் குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். கடைசிக் காலத்தில் மும்பைக்கு அருகில் கல்யாணில் பால் விற்றுப் பிழைத்தார். 2024 மே 4 அன்று கூகுள் அவர் படத்தை முகப்பில் போட்டபோதுதான் இந்தியாவில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

சுருட்டிப் போடப்பட்ட பட்டம்

நாங்கள் டபிள்யூடபிள்யூஎஃப் என்று அறிந்த நிறுவனம் அப்போது அமெரிக்காவின் மக்மேன் குடும்பத்தின் கையில் இருந்தது. காட்டுயிர் நிதியத்தோடு நடந்த வழக்கில் தோற்று, 2002 மே மாதம் டபிள்யூடபிள்யூஇ என்று பெயரை மாற்றிக்கொண்டது. திண்டுக்கல்லில் இன்றும் பழைய பெயர்தான்.

இதன் பெண்கள் வரலாறு ஒரு கூலித் தகராறோடு தொடங்குகிறது. 1984 ஜூலையில் வெண்டி ரிக்டர் என்ற இளம்பெண் பட்டத்தை வென்று பெரிய நட்சத்திரமானார். தன்னால் வரும் வருமானத்துக்கு ஏற்ற சம்பளம் கேட்டார். 1985 நவம்பர் 25 அன்று நியூயார்க்கில் முகமூடி போட்ட ஒருத்தியோடு அவரை ஆடவிட்டார்கள். நடுவர், பேசிவைத்ததற்கு மாறாக வேகமாக மூன்று எண்ணி ரிக்டர் தோற்றதாக அறிவித்தார். முகமூடிக்குள் இருந்தவர் பழைய சாம்பியன் ஃபேபுலஸ் மூலா. ரிக்டர் ஆட்ட உடையோடு அரங்கை விட்டு வெளியேறினார். பல வருடம் அந்தப் பக்கமே வரவில்லை. எழுதிவைத்த கதையைப் பொய் என்று கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சம்பளம் கேட்ட பெண்ணைத் தண்டிக்க, அந்தக் கதையை நிறுவனமே கிழித்துப் போட்டது.

பத்து வருடம் கழித்து, 1995 டிசம்பரில், சாம்பியனாக இருந்த மெடூசாவின் ஒப்பந்தத்தை நிறுவனம் முடித்துக்கொண்டது. அவர் போட்டி நிறுவனத்தின் நேரலையில் தோன்றி அந்தப் பட்டத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அதன் பிறகு 1998 செப்டம்பர் வரை பெண்களுக்கான பட்டமே இல்லை. தமிழ்நாட்டில் கேபிள் பரவி எங்கள் தலைமுறை இந்த ஆட்டத்தில் விழுந்தது சரியாக இந்த ஆண்டுகளில்தான். உயரம், எடை, மார்பளவு, புஜம் என்று அச்சடித்த எங்கள் சீட்டுக் கட்டில் பெண் சீட்டே கிடையாது. திரையில் வந்த பெண்கள் யாரோ ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவன் அடிபட்டால் அழுதார்கள்.

சைனா

அப்போதுதான் சைனா வந்தார். இயற்பெயர் ஜோன் லாரர். 1997இல் ஹன்டர் ஹார்ஸ்ட் ஹெம்ஸ்லியின், அதாவது பின்னாளைய டிரிபிள் ஹெச்சின், மெய்க்காவலாளாக அறிமுகமானார். கறுப்புத் தோல் உடை, அகன்ற தோள், சிரிக்காத முகம். அவர் முதன்முதலாக ஓர் ஆணைத் தலைக்கு மேல் தூக்கியதைப் பார்த்துவிட்டு அப்பத்தா கேட்டார்: “யாருடி இவ, ஆம்பளையவே தூக்கிப் போடுறா?” அந்தக் குரலில் கண்டிப்பு துளியும் இல்லை.

1999 ஜனவரியில் முப்பது பேர் மோதும் ராயல் ரம்பிளில் கலந்துகொண்ட முதல் பெண் அவர். அதே வருடம் அக்டோபர் 17 அன்று ஜெஃப் ஜாரெட்டைத் தோற்கடித்து, அதுவரை ஆண்கள் மட்டுமே வைத்திருந்த இன்டர்காண்டினென்டல் பட்டத்தை வென்றார். அந்த ஆட்டத்தின் விதியைச் சொல்லியாக வேண்டும். பெண்கள் அடுப்படியில் இருக்க வேண்டியவர்கள் என்று பேசித் திரியும் பாத்திரம் ஜாரெட்டுக்கு. அதனால் வீட்டுச் சாமான்களை மட்டுமே ஆயுதமாகப் பயன்படுத்தலாம் என்று வைத்தார்கள். வளையத்தைச் சுற்றிப் பாத்திரங்களும் சட்டிகளும் அடுக்கப்பட்டிருந்தன. ஜாரெட் பட்டத்தாலேயே சைனாவை அடித்து முதலில் ஜெயித்துவிட்டார். பட்டம் வீட்டுச் சாமான் இல்லை என்று நடுவர் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கினார். அதன்பின் சைனா கிட்டாரால் அவர் தலையில் அடித்து ஜெயித்தார்.

அந்தப் பெண்ணைக் கேலி செய்ய நினைத்து எழுதிய விதியாகவும் அது இருக்கலாம். ஆனால் தோசைக்கல்லையும் இடுக்கியையும் வருடக்கணக்காகக் கையில் பிடித்திருந்த பெண்கள் அதை வேறு மாதிரிப் படித்தார்கள். எங்கள் கூடத்தில் அன்று கைதட்டிய நாலு பேரும் பெண்கள்.

2001இல் சைனா வெளியேறினார். டிரிபிள் ஹெச்சோடு அவருக்கு இருந்த உறவு முறிந்திருந்தது. டிரிபிள் ஹெச் பின்னர் முதலாளி வின்ஸ் மக்மேனின் மகள் ஸ்டெஃபனியைத் திருமணம் செய்துகொண்டு நிறுவனத்தின் உயர்பதவிக்கு வந்தார். வாழ்வாதாரத்துக்குத் தடுமாறிய சைனா பாலியல் படங்களில் நடித்தார். அவருக்கு நிறுவனத்தின் புகழ் அவையில் இடம் உண்டா என்று 2015இல் கேட்டபோது, அவர் பெயரை ஒரு குழந்தை இணையத்தில் தேடினால் என்ன வரும் என்பதை யோசிக்க வேண்டும் என்ற வகையில் டிரிபிள் ஹெச் பதில் சொன்னார். 2016 ஏப்ரலில் 46 வயதில் சைனா இறந்தார். 2019இல் ஒரு குழுவின் உறுப்பினராக மட்டும் அவர் பெயர் அந்த அவையில் சேர்க்கப்பட்டது. ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியாக நடிக்கும் பெண்ணை இரவெல்லாம் ரசித்துவிட்டு, விடிந்ததும் அவளுக்கு வாடகைக்கு வீடு தர யோசிக்கும் ஊர்களை அறிந்த நமக்கு இந்த ஒழுக்கம் புதிதல்ல.

முதல் விரிசல்

சைனாவுக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் பெண்கள் ‘திவா’க்கள் ஆனார்கள். நீச்சலுடைப் போட்டி, ஒருத்தியின் உடையை இன்னொருத்தி கிழிக்கும் ஆட்டம். 2001 மார்ச்சில் டிரிஷ் ஸ்ட்ராட்டஸை வளையத்துக்குள் மண்டியிட வைத்து, நாய் போல் குரைக்கச் சொல்லி, உடையைக் களையச் செய்தார் முதலாளி வேடத்தில் இருந்த முதலாளி வின்ஸ் மக்மேன். கூடத்தில் யாரும் பேசவில்லை. அப்பா ரிமோட்டை எடுத்து வேறு சேனல் மாற்றினார். அவருக்கு அது ஆபாசம். எனக்கு அதற்குச் சொல் கிடைக்கப் பல வருடம் ஆனது. அது அதிகாரம்.

2007 ஜூனில் கிறிஸ் பென்வா தன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். உடல்கள் கிடைத்த அன்று இரவு, நடந்தது முழுதும் தெரியாத நிலையில், மூன்று மணி நேர அஞ்சலி நிகழ்ச்சி ஒளிபரப்பானது. கொன்றவர் அவரே என்று தெரிந்ததும் பென்வாவின் பெயரை நிறுவனம் தன் வரலாற்றிலிருந்து துடைத்தது. அவர் மூளை அடிபட்டுச் சேதமடைந்திருந்தது பின்னர் ஆய்வில் தெரிந்தது. அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. கொல்லப்பட்டவரைப் பற்றிக் குறைவாகவே எழுதினார்கள். நான்சி வெறும் ‘பென்வாவின் மனைவி’ அல்லர். அவரும் அந்தத் தொழிலில் நீண்ட காலம் இருந்த கலைஞர். வளையத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘வுமன்’. அவ்வளவுதான், ‘பெண்’.

அரை நிமிடமும் அதற்குப் பிறகும்

2015 பிப்ரவரி 23. மூன்று மணி நேர நிகழ்ச்சி. அதில் நான்கு பெண்கள் மோதிய ஒரே ஆட்டம் சுமார் முப்பது நொடியில் முடிந்தது. அவர்கள் வளையத்துக்கு நடந்து வர எடுத்துக்கொண்ட நேரம் அதைவிட அதிகம். திவாக்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடு என்று பொருள்படும் ஹேஷ்டேக் ட்விட்டரில் ஒரு நாளுக்கு மேல் முன்னணியில் இருந்தது. நிறுவனம் பணிந்தது. 2016 ஏப்ரலில் ‘திவா’ என்ற சொல் கைவிடப்பட்டு மீண்டும் பெண்கள் பட்டம் வந்தது. 2018 ஜனவரியில் பெண்களுக்கான முதல் ராயல் ரம்பிள். அக்டோபர் 28 அன்று முழுக்கப் பெண்களே ஆடிய ‘எவல்யூஷன்’. 2019 ஏப்ரல் 7 அன்று ரெசில்மேனியாவின் கடைசி ஆட்டத்தை முதன்முறையாகப் பெண்கள் ஆடினார்கள்: பெக்கி லிஞ்ச், ரோண்டா ரௌஸி, ஷார்லட் ஃபிளேர்.

இடையில் 2017இல் ஹரியாணாவின் கவிதா தேவி ஆரஞ்சு நிற சல்வார் கமீசோடு வளையத்துக்குள் நுழைந்தார். அந்த நிறுவனத்தில் ஆடிய முதல் இந்தியப் பெண். குழந்தை பெற்ற பிறகு பளுதூக்குதலுக்குத் திரும்பி, 2016 தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி வேலை செய்யும் பெண்களைத் தினமும் பார்க்கும் ஊரில் அந்த உடை என்னவாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2021இல் செலவுக் குறைப்பில் அவரையும் விடுவித்துவிட்டார்கள்.

இந்த மாற்றங்கள் ரசிகைகள் போராடிப் பெற்றவை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘எவல்யூஷன்’ முடிந்த ஐந்தாம் நாள், 2018 நவம்பர் 2 அன்று, அதே நிறுவனம் ரியாத்தில் நடத்திய பெரிய நிகழ்ச்சியில் ஒரு பெண்கூட ஆடவில்லை. சவூதி அரசோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அடுத்த வருடம் அக்டோபர் 31இல்தான் அங்கே முதல் பெண்கள் ஆட்டம் நடந்தது. ஒரு வாரம் ‘புரட்சி’ என்று சொல்லி விற்றார்கள். மறுவாரம் அந்தப் பெண்களை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்குத் தந்தது உரிமையா, பண்டமா என்ற கேள்வி அன்று எனக்குள் வந்து உட்கார்ந்தது.

சங்கம் இல்லாத ஆட்டம்

2022 ஜூனில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று, ஒரு முன்னாள் பெண் ஊழியரை மௌனமாக்க மக்மேன் 30 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டதை வெளியிட்டது. அடுத்த மாதம் அந்தத் தொகை, நான்கு பெண்களுக்கு, 16 வருடங்களில், 1.2 கோடி டாலராக விரிந்தது. அவர் விலகினார், 2023 ஜனவரியில் திரும்பி வந்தார். 2024 ஜனவரி 23 அன்று நெட்ஃபிளிக்ஸோடு 500 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து அந்த முன்னாள் ஊழியர் பாலியல் வன்முறை, கடத்தல் குற்றச்சாட்டுகளோடு வழக்குத் தொடுத்தார். மறுநாள் மக்மேன் பதவி விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். நிறுவனத்தின் முதல் பெண் நடுவரான ரீட்டா சாட்டர்டன் 1992இலேயே தொலைக்காட்சியில் அவர்மீது வன்புணர்வுக் குற்றம் சாட்டியிருந்தார். அதையும் அவர் மறுத்தார். ஆட்டம் நிற்காமல் நடந்தது. நாங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்த காலம் முழுவதும் அந்தக் குரல் பதிவாகி இருந்தது.

இது ஒரு மனிதரின் குணம் மட்டும் அல்ல. அங்கே ஆடுபவர்கள் ஊழியர்கள் அல்லர், ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்கள்’. சங்கம் கிடையாது. 1986இல் ஜெஸ்ஸி வெஞ்சுரா சங்கம் அமைக்கப் பேசினார். அதை முதலாளியிடம் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் டிரம்ப் கார்டு நாயகன் ஹல்க் ஹோகன் என்பது, வெஞ்சுரா பின்னர் தொடுத்த ராயல்டி வழக்கில் ஹோகனின் வாக்குமூலத்திலேயே வெளிவந்தது. நம் மதுரையில் நாடக நடிகர்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் சங்கம் இருக்கிறது. உலகம் முழுக்கப் பார்க்கும் அந்த ஆட்டக்காரர்களுக்கு இல்லை.

இந்த இடத்தில் என்னால் திண்டுக்கல்லை மறக்க முடிவதில்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளின் பேருந்துகள் கிராமங்களில் புகுந்து இளம்பெண்களை ஏற்றிப்போவதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்று வருடம் விடுதியில் அடைந்து வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஊர் இது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் குழுமத்தின் நாச்சி அப்பேரல்ஸ் ஆடை ஆலையில் வேலை செய்த ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அவரது மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஒரு வருடத்துக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. ஆலையில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, ஆலை நிர்வாகத்தையும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஆசியாவில் இப்படி ஒன்று அதுவே முதல். சக தொழிலாளர்களே பயிற்சி பெற்றுத் தளத்தில் கண்காணிக்க அது வழிசெய்தது; புகார் சொன்னவரைப் பழிவாங்குவதைத் தடைசெய்தது. 5,000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், அதன்கீழ் வந்தார்கள்.

இரண்டு செய்திகளும் ஒரே கோடையில் என்னிடம் வந்து சேர்ந்தன. கோடிக்கணக்கான டாலரில் புரளும் நிறுவனத்தில் பெண்ணுக்குக் கிடைத்தது பணமும், வாய் திறக்கக் கூடாது என்ற கையெழுத்தும். எங்கள் ஊர் ஆலைப் பெண்கள் வாய் திறப்பதற்கே கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு திரையில் ஒருத்தி பட்டத்தை உயர்த்திக் காட்டும்போது, அவள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். கைதட்ட வராது.

2023 ஜனவரி 18 அன்று டெல்லி ஜந்தர் மந்தரில் வினேஷ் போகாட்டும் சாக்‌ஷி மாலிக்கும் உட்கார்ந்தார்கள். மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பிரிஜ் பூஷன் சரண் சிங்மீது பாலியல் குற்றச்சாட்டு; அவர் மறுத்தார். மே 28 அன்று போலீஸ் அவர்களைத் தெருவில் இழுத்துச் சென்றது. டிசம்பர் 21 அன்று சாக்‌ஷி தன் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு ஆட்டத்தை விட்டார். முடிவு எழுதிவைக்காத மல்யுத்தத்திலும் பெண்கள் எதிர்கொண்ட ஆட்டம் இதுதான். ஆக, பொய்ச் சண்டையா மெய்ச் சண்டையா என்பது நம் கேள்வியாக இருக்க முடியாது. வளையம் யாருக்குச் சொந்தம், அதில் நிற்பவள் புகார் சொன்னால் மறுநாளும் அங்கே நிற்க முடியுமா என்பதே கேள்வி.

2025 ஏப்ரல் முதல் இந்த நிகழ்ச்சிகள் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸில் வருகின்றன. என் அக்கா மகள் ரியா ரிப்ளியின் ரசிகை. பார்க்காதே என்று அவளிடம் நான் சொன்னதில்லை. சைனாவைத் தூக்கி வைத்துக் கொண்டாடிய நாலு பெண்களில் ஒருத்திக்கு அந்த உரிமை இல்லை. ரிக்டர் சம்பளம் கேட்ட கதையையும், சைனா கிட்டாரை எடுத்த கதையையும், அப்பத்தா கேட்ட கேள்வியையும் சொல்லியிருக்கிறேன். ஆலைப் பெண்களின் ஒப்பந்தத்தைப் பற்றியும் சொன்னேன். அதுவும் அவள் ஊரின் கதை. இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் அம்மாவும் பாட்டியும் கேபிள் வந்த புதிதில் என்ன பார்த்தார்கள், யாருக்காகக் கைதட்டினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். டிரம்ப் கார்டு வைத்திருந்தவர்கள் தங்கள் கதையை எழுதிவிட்டார்கள். கூடத்தில் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் கதை இன்னும் எழுதப்படவில்லை.